‘ரேக்ஸ்’ – ஒரு பெயர்ச்சொல்லின் வரலாறு

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ‘ரெக்ஸ்’ என்னும் பெயர் தாங்கிய படக்கொட்டகைகள் முன்பு இருந்தன. பிரிட்டிஷ் அரசர் காலத்து அஞ்சற்பெட்டிகளில் ‘ஜி.ஆர்.’ என ஈரெழுத்து பொறிப்பது வழக்கம். அவற்றுள் பின்னெழுத்து குறிப்பதும் ‘ரெக்ஸ்’ என்னும் சொல்லையே. குடியேற்ற ஆட்சிக்காலத்து வழக்கேடுகளைப் புரட்டிப் பார்ப்போர், அரசு தொடுத்த குற்றவழக்குகளின் தலைப்பில் ‘ரெக்ஸ்’ ஒருபுறமும் குற்றஞ்சாட்டப்பட்டவர் பெயர் மறுபுறமுமாக நிற்கக் காண்பர். கிறித்தவக் கோயில்களில் சிலுவையின் தலைப்பில் காணப்படும் நான்கு எழுத்துகளுள் மூன்றாவதும் இச்சொல்லின் முதலெழுத்தே.

இது இலத்தீன் மொழிச் சொல், பொருள் ‘அரசன்’. ஆயினும் இச்சொல்லைப் பெற்றெடுத்த உரோமர் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் இதனை வெறுத்தனர். ஒருவனை வீழ்த்த வேண்டுமாயின் அவன் ‘ரேக்ஸ்’ ஆக விழைகின்றான் என்று சொன்னாற் போதும் என்ற நிலை அங்கிருந்தது. இவ்வளவு வெறுத்தும், இறுதியில் அவர்கள் தனியொருவன் ஆட்சிக்கே தலைவணங்கினர். இஃது எங்ஙனம் நிகழ்ந்தது? ஒரு சொல்லை விலக்கிய மக்கள் அச்சொல் குறித்த பொருளை ஏன் விலக்க இயலவில்லை? இவ்வினாக்களுக்கு விடைகாண, இச்சொல்லின் இலக்கணத்திலிருந்தே தொடங்குவோம்.

வேற்றுமை வடிவங்கள்

நம் இலக்கண நூலார் வேற்றுமை எட்டு என்பர். இலத்தீன் இலக்கண நூலார் பொதுவாக ஆறு என்பர். எழுவாய், இரண்டாவது, நான்காவது, ஆறாவது, விளி ஆகிய ஐந்தும் இரு மொழிகளிலும் ஏறக்குறைய ஒத்துச் செல்வன. நம் மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது ஆகியவற்றின் பணிகளை இலத்தீனில் பெரும்பாலும் ஒரே வேற்றுமை, முன்னிடைச் சொற்களின் துணைகொண்டு செய்கின்றது. அதனை நாம் ‘நீங்கல் வேற்றுமை’ எனலாம்.

ஒருமையில் இச்சொல் பெறும் வடிவங்கள் வருமாறு: ரேக்ஸ் – அரசன், ரேகெம் – அரசனை, ரேகீ – அரசனுக்கு, ரேகிஸ் – அரசனது, ரேகெ – நீங்கல் வேற்றுமை. ‘ஆ ரேகெ’ என்றால் ‘அரசனால்’ அல்லது ‘அரசனிடமிருந்து’. ‘கும் ரேகெ’ என்றால் ‘அரசனோடு’. விளிக்கும்போது மீண்டும் ‘ரேக்ஸ்’ என்பதே. பன்மையில்: ரேகேஸ் – அரசர்; ரேகேஸ் – அரசரை; ரேகிபுஸ் – அரசருக்கு; ரேகும் – அரசரது; நீங்கலில் ரேகிபுஸ்; விளியில் ரேகேஸ். ஆகப் பன்னிரண்டு இடங்களுக்கு எட்டு வடிவங்களே உள்ளன. எவ்விடத்து எப்பொருள் என்பதைத் தொடரே உணர்த்தும்.

இவற்றுள் ‘ரேக்ஸ்’ என்பதன் ககரத்தைப் ‘பக்கம்’ என்பதில் போல வன்மையாகவும், ஏனையவற்றின் ககரத்தைத் ‘தங்கம்’ என்பதில் போல மென்மையாகவும் ஒலிக்க வேண்டும். முதலெழுத்து நெடில், ஆங்கில வழி வந்த ‘ரெக்ஸ்’ என்னும் ஒலிப்பில் அது குறுகிவிட்டது. இங்கே நம் எழுத்துக்கு ஒரு சிறப்புண்டு. எகர ஏகாரங்களுக்கு இலத்தீனில் ஒரே எழுத்துத்தான். தமிழில் இரண்டும் தனித்தனியே உள்ளன. ஆதலின் இச்சொல்லின் முதல் உயிரைப் பிழையற எழுதிக் காட்டத் தமிழெழுத்து ஆங்கில நெடுங்கணக்கினும் ஏற்றது.

ககரம் ஓரிடத்தில் வன்மையாகவும் பிறவிடத்தில் மென்மையாகவும் ஒலிப்பானேன்? சொல்லின் பகுதி ‘ரேக்’ என்பது. அதன் இறுதி ஒலி மென்மையானது. எழுவாயில் ‘ஸ்’ என்னும் விகுதி வந்து சேர, அந்த வல்லொலியின் சேர்க்கையால் முன்னுள்ள மெல்லொலியும் வல்லொலியாகத் திரிகின்றது. பொன் என்பதும் குடம் என்பதும் புணருங்கால் னகரம் றகரமாகிப் பொற்குடம் ஆவதை அறிந்த தமிழாசிரியருக்கு இது புதுமையன்று. வரும் ஒலிக்கேற்ப நின்ற ஒலி திரிதல் மொழிகளுக்கெல்லாம் பொது.

இரு மொழிகளுக்கும் இடையே பெரியதொரு வேற்றுமையும் உண்டு. தமிழில் ‘அரசனை’, ‘அரசர்களை’ என்னும் இரண்டிலும் இரண்டாம் வேற்றுமை உருபு ஐகாரமே. பன்மை விகுதி தனியே நிற்கும், உருபு தனியே நிற்கும். இலத்தீனில் எண்ணும் வேற்றுமையும் ஒரே விகுதிக்குள் கரைந்துவிடுகின்றன. ‘ரேகிஸ்’ என்பதன் இறுதி ஒருமையையும் ஆறாம் வேற்றுமையையும் ஒருங்கே காட்டும். பன்மைக்கு அது முற்றிலும் மாறி ‘ரேகும்’ ஆகும். தமிழை இலத்தீன் வாயிலாக ஐரோப்பியருக்கு விளக்கியோர் இவ்வேறுபாட்டை நேர்முகமாகக் கண்டவர்கள். சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழிலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் இலத்தீனில் இயற்றிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. ‘ரேக்ஸ், ரேகிஸ்’ எனப் பள்ளியில் உருப்போட்ட நாக்குகளே பின்னர் ‘அரசன், அரசனை’ எனப் பயின்றன.

வேர்ப்பொருள்

‘ரெகெரே’ என்பது இலத்தீனில் ஒரு வினை. நேராகச் செலுத்துதல், நெறிப்படுத்துதல் என்பது அதன் பொருள். இவ்வினையோடு தொடர்புடையதே ‘ரேக்ஸ்’ என்பர். ‘ரேக்துஸ்’ என்றால் நேரானது. ‘ரேகுலா’ என்றால் கோடு இழுக்கும் அளவுகோல். ‘ரெகியோ’ என்றால் முதலில் திசைக்கோடு, பின்னர் நிலப்பகுதி. ‘ரேகீனா’ அரசி, ‘ரேக்னும்’ அரசு. ஆங்கிலத்தில் ஆள்வோனுக்கும் மாணவர் கையிலுள்ள அளவுகோலுக்கும் ‘ரூலர்’ என்னும் ஒரே சொல் வழங்குவதற்குக் காரணம் இவ்வேர்தான். பிரெஞ்சு மொழியறிஞர் எமில் பென்வெனிஸ்து, 1969-இல் வெளியிட்ட தம் நூலில், பழங்கால ‘ரேக்ஸ்’ ஆணையிடுவோன் என்பதைவிட எல்லைக்கோட்டையும் நெறிமுறையையும் நேர்படுத்திக் காட்டுவோன் என்றே கருதத்தக்கவன் என விளக்கினார்.

இவ்விடத்தில் தமிழருக்குச் ‘செங்கோல்’ என்னும் சொல் நினைவுக்கு வராமற் போகாது. செவ்விய கோல் நல்லாட்சி; வளைந்த கோல் கொடுங்கோல். வள்ளுவர் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். இரு சொற்களுக்கும் பிறப்பால் உறவில்லை. ஆனால் ஆட்சி என்பது நேர்மையான ஒரு கோடு என்னும் எண்ணம் தைபர் ஆற்றங்கரையிலும் தமிழகத்திலும் தனித்தனியே தோன்றியிருத்தல் எண்ணி மகிழத்தக்கது.

பிறப்பால் உறவுடைய சொற்கள் வேறு உள. வடமொழி ‘ராஜன்’, பழைய ஐரிஷ் மொழியின் ‘ரீ’, கால் நாட்டு மக்களின் ‘ரீக்ஸ்’ ஆகியவை ‘ரேக்ஸ்’ என்பதன் உடன்பிறப்புகள் என்பது மொழிநூலார் பெரும்பாலோர் துணிபு. ஜூலியஸ் சீசரை எதிர்த்து நின்று கி.மு. 52-இல் அலேசியாவில் பணிய நேர்ந்த வெர்கிங்கெதோரிக்ஸ் என்னும் வீரனின் பெயரிறுதியில் நிற்பது இச்சொல்லே. இந்தோ–ஐரோப்பியக் குடும்பத்தின் மேற்குக் கோடியிலும் கிழக்குக் கோடியிலும் மட்டும் இத்தகைய பழஞ்சொற்கள் எஞ்சியிருப்பதை வாந்திரியேஸ் என்னும் அறிஞர் 1918-இலேயே எடுத்துக்காட்டினார். வடமொழி வழியே மலாய் மொழிக்கு ‘ராஜா’ வந்தது. பெர்லிஸ் மாநில ஆட்சியாளரின் பட்டம் இன்றும் அதுவே. தமிழில் வழங்கும் இராசன், இராயன் என்பவையும் அவ்வழி வந்தவையே.

கல்லில் நின்ற ‘அரசனுக்கு’

உரோமரின் மரபுக் கதைப்படி அவர்தம் நகரம் கி.மு. 753-இல் நிறுவப்பட்டது, ரோமுலஸ் முதல் இறுமாப்புத் தார்க்குவீனியுஸ் வரை ஏழு அரசர் ஆண்டனர், கி.மு. 509-இல் அரசாட்சி ஒழிந்தது. 244 ஆண்டுகளுக்கு ஏழே அரசர் என்றால் ஒருவருக்குச் சராசரி ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆகின்றன. இஃது இயல்புக்கு ஒவ்வாமையின், இவ்வரசர்கள் உண்மையில் இருந்தனரா அல்லது பிற்காலத்தார் புனைவா என்னும் ஐயம் 19-ஆம் நூற்றாண்டு அறிஞரிடையே வலுத்திருந்தது.

இந்நிலையில் 1899-இல் ஜாக்கோமோ போனி என்னும் இத்தாலியத் தொல்பொருளறிஞர் உரோம் நகரப் பொதுமன்றத்தை அகழ்ந்தபோது, கருங்கற்பலகைகள் பாவிய ஓரிடத்தைக் கண்டார். அதன்கீழ் ஒரு பலிபீடமும், நாற்புறமும் எழுத்துப் பொறித்த உடைந்த கற்றூண் ஒன்றும் இருந்தன. எழுத்துகள் மிகப் பழையவை. வரிகள் ஏர் உழும் எருதுபோல் ஒன்று மேலும் அடுத்தது கீழுமாகத் திரும்பித் திரும்பிச் சென்றன. தூணின் மேற்பகுதி உடைந்து போனமையால் முழுப்பொருள் விளங்கவில்லை. ஆயினும் ஒரு சொல் தெளிவாக நின்றது. அது ‘ரேகெய்’ என்பது.

பிற்காலத்து ‘ரேகீ’ என்பதன் முன்னை வடிவம் இது. ‘எய்’ என்னும் இரட்டை உயிர் காலப்போக்கில் ஈகாரமாய்ச் சுருங்கியது. ஆகவே இது நான்காம் வேற்றுமை, பொருள் ‘அரசனுக்கு’. இதிலுள்ள ககரம், பின்னாளைய உரோமர் பயன்படுத்திய ‘ஜி’ எழுத்தால் எழுதப்படவில்லை; ‘சி’ எழுத்தால் எழுதப்பட்டுள்ளது. அக்காலத்து உரோமர்க்கு வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் அந்த ஒரே எழுத்துத்தான், நமக்குக் ககரம் ஒன்றேயாதல்போல. மெல்லொலிக்கெனத் தனியெழுத்தை அவர்கள் வகுத்துக்கொண்டது பல நூற்றாண்டுகளின் பின்னரே.

அறிஞர் பெரும்பாலோர் இக்கல்வெட்டைக் கி.மு. 6-ஆம் நூற்றாண்டினதாகக் கொள்வர். அங்ஙனமாயின் இது மரபுக் கதை சொல்லும் அரசர் காலத்தது. உரோமில் ஒரு ‘ரேக்ஸ்’ இருந்தான் என்பதற்கு வேற்றுமை விகுதி ஒன்றே சான்று. எதிர்க்கருத்தும் உண்டு. அரசாட்சி ஒழிந்த பின்னரும் ‘ரேக்ஸ்’ என்னும் பெயருடைய பூசாரி ஒருவர் அங்கிருந்தார். கல்வெட்டு அவரையும் குறிக்கலாமன்றோ என்பர். அதே கல்லில் பூசாரிகளின் ஏவலாளைக் குறிக்கும் ‘கலாதோர்’ என்னும் சொல்லும் இரண்டாம் வேற்றுமையில் வருதலை அவர்கள் சுட்டுவர். கல்லின் காலத்தை நோக்குங்கால் முதற்கருத்தே வலியுடைத்து எனினும், ரோமுலஸ் முதலான எழுவர் பற்றிய கதைகள் அனைத்தையும் அஃது உண்மையாக்கிவிடாது. அரசன் என்பானொருவன் அங்கிருந்தான், அவனுக்கு உரியதெனச் சில இருந்தன என்ற அளவே கல் கூறும்.

பூசாரியாகிய அரசன்

அப்பூசாரியின் செய்தி வியப்பானது. அரசரைத் துரத்திய உரோமர்க்கு ஓர் இடர் எழுந்தது. சில வேள்விகளை அரசனே செய்தல் வேண்டும் என்பது முன்னோர் மரபு. அரசன் இல்லையேல் தெய்வங்கள் சினக்கும். ஆதலின் ‘ரேக்ஸ் சக்ரோரும்’, அதாவது ‘புனிதச் சடங்குகளின் அரசன்’, என ஒரு பூசாரியை அமர்த்தினர். அவர் மனைவிக்கு ‘ரேகீனா’ என்பதே பட்டம். ஆயினும் அவர் அரசியற் பதவி எதையும் வகிக்கலாகாது. மக்கள் முன் அரசியல் பேசலாகாது. பெயரைக் கொடுத்து அதிகாரத்தை முழுவதும் எடுத்துக்கொண்டனர்.

உரோமரின் நாட்காட்டியில் பிப்ரவரி 24-ஆம் நாள் ‘ரேகிஃபூகியும்’, அதாவது ‘அரசன் ஓட்டம்’ எனப்படும். அன்று இப்பூசாரி மன்றத்தில் பலியிட்டுவிட்டு விரைந்து ஓடுவார். தார்க்குவீனியுஸ் ஓடியதன் நினைவு என்று உரோமரிற் பலர் விளக்கினர். மார்ச் 24, மே 24 ஆகிய நாள்களின்மேல் நான்கு எழுத்துகள் குறிக்கப்பெற்றன. ‘அரசன் மன்றத்துக் கடமை முடித்தபின் வழக்காடலாம்’ என்பது அவற்றின் கருத்து. இரு கான்சல்களும் இல்லாதொழியும் இடைவேளையில் ஐந்தைந்து நாள் பொறுப்பேற்போருக்கு ‘இந்தர்ரேக்ஸ்’, அதாவது இடையரசன், என்று பெயர். இங்ஙனம் சடங்கிலும் நாட்காட்டியிலும் அச்சொல் உயிரோடு இருந்தது; அரசியலில் மட்டும் அது நஞ்சாயிற்று.

சொல்லே குற்றமாதல்

கி.மு. 486-இல் கான்சலாயிருந்த ஸ்பூரியுஸ் காசியுஸ், பொதுநிலத்தை மக்களுக்குப் பங்கிட ஒரு சட்டம் கொணர முயன்றார் என்றும், மறு ஆண்டே அரசனாக விழைந்த குற்றத்திற்காகக் கொல்லப்பட்டார் என்றும் உரோமர் வரலாறு கூறும். கி.மு. 439-இல் பஞ்சம் வந்துற்றபோது ஸ்பூரியுஸ் மைலியுஸ் என்னும் செல்வர் தம் பொருளால் தானியம் வாங்கி ஏழைகளுக்கு வழங்கினார். அவர்மீதும் அதே குற்றச்சாட்டு. செர்வீலியுஸ் அஹாலா என்பான் அவரை வாளுக்கு இரையாக்கினான். காலியர் படையெடுப்பில் கோட்டைக் குன்றைக் காத்த வீரர் மார்க்குஸ் மான்லியுஸ், கடனில் மூழ்கியோரைத் தம் பொருளால் மீட்டார், கி.மு. 384-இல் அதே குற்றஞ் சுமத்தி, அவர் காத்த குன்றிலிருந்தே அவரைத் தள்ளிக் கொன்றனர்.

கி.மு. 133-இல் திபேரியுஸ் கிராக்குஸ் என்னும் மக்கள் தலைவர், ஒருவர் ஐந்நூறு யூகெரா அளவுக்கு மேல் பொதுநிலம் வைத்திருத்தலாகாது, எஞ்சியதை நிலமற்றோர்க்குப் பங்கிட வேண்டும் எனச் சட்டம் இயற்றினார். கலகத்தினிடையே தம் உயிருக்கு ஆபத்து என்பதைக் காட்டத் தம் தலையைத் தொட்டார். ‘முடி கேட்கின்றான்’ என்றனர் பகைவர். செனட் சபையார் சிலர் உடைந்த இருக்கைக் கால்களை ஏந்தி வந்து அவரையும், அவரைச் சார்ந்தோர் முந்நூற்றுக்கு மேற்பட்டோரையும் அடித்துக் கொன்றனர்.

இந்நான்கு செய்திகளையும் ஒருங்கு வைத்து நோக்குக. நிலம், தானியம், கடன், மீண்டும் நிலம். நால்வரும் எளியோர்க்கு எதையோ செய்ய முற்பட்டவர்கள். நால்வர்மீதும் வீசப்பட்டது ஒரே சொல். முதல் மூவரின் வரலாறு பன்னூறு ஆண்டுகள் கழித்தே எழுதப்பெற்றமையால், கிராக்குஸ் காலத்துப் பூசலின் நிறம் அவற்றின்மேல் படிந்திருக்கலாம் என ஆராய்ச்சியாளர் கூறுவர். அவ்வாறே கொண்டாலும் நம் கருத்து வலுப்பெறுமேயன்றிக் குன்றாது. பழங்கதையைத் திருத்தியெழுதும்போதும், ஏழைக்கு உதவுவோனை ‘ரேக்ஸ்’ ஆக்கிக் காட்டுவதே பெருநிலக்கிழார்க்கு ஏற்றதாயிருந்தது. விடுதலையைக் காப்பதாகச் சொல்லிய சொல், உடைமையைக் காக்கும் கருவியாயிற்று.

கொடுங்கோலன்பால் மக்கள் கொண்ட அச்சம் பொய்யன்று. அதனாலேயே அச்சொல் அவ்வளவு வலிமையுடையதாயிருந்தது. உண்மையான அச்சத்தைத் தன்னலத்துக்குப் பயன்படுத்தல் எளிது. மைலியுஸின் கொலையைத் தம் பேச்சில் எடுத்துக்காட்டாகக் கூறிய சிசெரோவையே, பின்னர் அவர்தம் பகைவர் ‘அரசன்’ என்று ஏசினர். எய்த அம்பு எய்தவன் மேலும் திரும்பியது.

பெயர்ச்சொல்லும் இயற்பெயரும்

கி.மு. 44-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஜூலியஸ் சீசர் நகருக்குத் திரும்பி வருகையில், கூட்டத்திற் சிலர் அவரை ‘ரேக்ஸ்’ என்று வாழ்த்தினர். தம் பெயர் ரேக்ஸ் அன்று, சீசர் என்று அவர் விடையிறுத்தார். இவ்விடையின் நுட்பம் இலக்கணத்தில் உள்ளது. ‘ரேக்ஸ்’ என்பது பொதுப்பெயர் மட்டுமன்று. உரோமில் மார்க்கியுஸ் குடும்பத்தின் ஒரு கிளையாருக்கு அது குடிப்பெயருமாம். கி.மு. 144-இல் உரோமுக்குப் பெரியதொரு நீர்க்கால்வாய் அமைக்கும் பொறுப்பை ஏற்றவர் குவிந்துஸ் மார்க்கியுஸ் ரேக்ஸ். சீசரின் தந்தையைப் பெற்ற பாட்டி அக்குடும்பத்தவர். ‘அரசனே’ எனக் கூவியவர்களிடம், ‘நீங்கள் வேறொரு குடும்பத்தான் பெயரைச் சொல்கின்றீர்கள்’ என்பதுபோல் அவர் மடக்கினார். எழுத்தில் எழுதினாலும் உரோமர்க்கு இரண்டும் ஒன்றே; பொதுப்பெயரை இயற்பெயரினின்று பிரித்துக் காட்டும் சிற்றெழுத்து முறை அவர்களுக்கு அன்று இல்லை.

பிப்ரவரி 15-ஆம் நாள் திருவிழாவில் மார்க்குஸ் அந்தோனியுஸ் அவர் தலையில் முடி சூட்ட முயன்றார். மக்கள் முகம் சுளிக்கவே, சீசர் அதனை மறுத்து யூப்பிதர் கோயிலுக்கு அனுப்பினார். ‘ரேக்ஸ்’ என்னும் பெயரை இங்ஙனம் மறுத்த அதே காலத்தில் அவர் வாழ்நாள் முழுமைக்கும் சர்வாதிகாரி என்னும் பட்டத்தை ஏற்றிருந்தார். ஒரு மாதத்திற்குள், மார்ச் 15-இல், அவர் கொலையுண்டார். கொன்றோருள் ஒருவரான மார்க்குஸ் புரூத்துஸ், ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்னர்த் தாம் வெளியிட்ட நாணயத்தில், அரசரைத் துரத்திய புரூத்துஸின் தலையை ஒருபுறமும் மைலியுஸைக் கொன்ற அஹாலாவின் தலையை மறுபுறமும் பொறித்தவர்.

பெயர் மாறி வந்த பொருள்

சீசரின் வளர்ப்பு மகன் ஒக்தாவியன் இப்பாடத்தை நன்கு கற்றுக்கொண்டார். கி.மு. 27-இல் அவருக்குப் பெயர் சூட்டுங்கால் ‘ரோமுலஸ்’ என்னும் பெயரும் எண்ணப்பட்டது. அதில் அரச மணம் வீசியமையால் அது கைவிடப்பட்டு ‘அவுகுஸ்துஸ்’ என்பது கொள்ளப்பட்டது. தம்மைப் ‘பிரின்கெப்ஸ்’, அதாவது குடிகளுள் முதல்வர், என அழைப்பதையே அவர் விரும்பினார். செனட் சபை கூடியது. கான்சல்கள் ஆண்டுதோறும் அமர்ந்தனர். படையும் மாநிலங்களும் மட்டும் ஒருவர் கையில் இருந்தன. அவர் தம் செயல்களைத் தாமே விவரித்து விட்டுச்சென்ற ஆவணம் அங்காரா நகரக் கோயிற்சுவரில் கல்லிற் கிடைத்துள்ளது. அதில் ‘அரசர்’, ‘அரசரது’ எனப் பன்மையில் இச்சொல் வருகின்றது. வெற்றியுலாவில் தம் தேருக்கு முன் நடத்தப்பட்ட அயல்நாட்டு அரசரையும் அவர்தம் மக்களையும் குறிக்கவே அவர் அதனை ஆண்டார். தமக்கென ஓரிடத்தும் ஆளவில்லை.

அவருக்குப்பின் ‘சீசர்’ என்னும் இயற்பெயரே பட்டப்பெயராயிற்று. ஜெர்மானியரின் ‘கைசர்’, உருசியரின் ‘சார்’ ஆகியவை அதன் திரிபுகள். 1877-இல் விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக டில்லியில் அறிவிக்கப்பெற்றபோது, இந்திய வழக்கில் அப்பட்டம் ‘கைசர்-இ-ஹிந்த்’ எனப்பட்டது. அரசன் அல்லேன், சீசரே எனக் கூறிய ஒருவரின் பெயர், அரசர்க்கும் மேலான பேரரசரைக் குறிக்கலாயிற்று.

இந்த முரணைத் தமிழரும் தம்மையறியாமல் நிறைவு செய்தனர். நற்செய்தி நூல்களில் வரும் ‘சீசர்’ என்னும் பட்டத்தைத் தமிழில் பெயர்த்தவர்கள் ‘இராயன்’ என்று எழுதினர். இராயன் என்பது ராஜனின் வழிவந்த சொல். ராஜன் ‘ரேக்ஸ்’ என்பதன் உடன்பிறப்பு. சீசர் எந்தச் சொல்லைத் தலையில் ஏற்க அஞ்சினாரோ, அச்சொல்லின் உறவுச்சொல்லே தமிழில் அவருக்குப் பெயராய் அமைந்துவிட்டது. மொழிபெயர்த்தோர் இலத்தீன் வரலாற்றை எண்ணி இதனைச் செய்யவில்லை. உண்மையில் அவர் யார் என்பதை நோக்கியே எழுதினர். பெயரை விட்டுப் பொருளைப் பற்றிய மொழிபெயர்ப்பு அது.

உரோமப் பேரரசின் மேற்குப்பகுதி வீழ்ந்தபின், ஜெர்மானியக் குலத்தலைவர்கள் நாணமின்றி ‘ரேக்ஸ்’ என்னும் பட்டத்தைச் சூடிக்கொண்டனர். அவ்வழியே அஃது இங்கிலாந்து அரசரின் முத்திரைக்கும் நாணயத்துக்கும் நீதிமன்றத்துக்கும் வந்தது. 1952-இல் இரண்டாம் எலிசபெத் அரியணை ஏறியதும் வழக்கேடுகளில் ‘ரெக்ஸ்’ மறைந்து ‘ரெஜைனா’ வந்தது. 2022 செப்டம்பர் 8-இல் மூன்றாம் சார்ல்ஸ் அரசரானதும் ‘ரெக்ஸ்’ மீண்டது. அங்கோ இன்று அச்சொல்லைக் கண்டு அஞ்சுவாரும் இல்லை. அதனைத் தாங்கும் அரசர் தாமே ஒருவரைச் சிறையிடவும் இயலாது. ஒரு காலத்தில் சொல்லை விலக்கிப் பொருளை ஏற்றனர். மற்றொரு காலத்தில் பொருளைக் கட்டுப்படுத்திச் சொல்லை வைத்துக்கொண்டனர். இவ்விரண்டினுள் மக்களுக்கு நன்மை பயந்தது எது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

வேற்றுமை கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்வரலாற்றில் ஒரு பயனுண்டு. பெயர்ச்சொல் எழுவாயாய் நின்று ஒன்றைச் செய்கின்றதா, இரண்டாவதேற்று ஒன்றுக்கு ஆளாகின்றதா, நான்காவதேற்று ஒன்றைப் பெறுகின்றதா என்று மாணாக்கரைக் கேட்கின்றோம். அரசியற் சொற்களைக் கேட்குந்தோறும் இதே வினாக்களை எழுப்புதல் நன்று. இச்சொல்லை யார் சொல்கின்றார்? யாரை நோக்கிச் சொல்கின்றார்? அதனால் யாருக்கு ஊதியம்? உரோமின் நிலமற்ற உழவர் இம்மூன்றாம் வினாவைக் கேட்டிருப்பின், ‘ரேக்ஸ்’ என்னும் கூச்சலுக்கு அஞ்சித் தம் நண்பரை இழந்திரார். பின்னர் ‘முதல்வர்’ என்னும் இனிய பெயருக்கு மயங்கித் தம் உரிமையை இழந்திருக்கவும் மாட்டார்.